இரண்டாங்கட்டில் திறந்த பாட்டில்

முதல் ஒயின் பாட்டிலை வெயிலுக்குப் பறிகொடுத்தேன். சித்திரை மாதம், தேவகோட்டையில் ஒரு கல்யாணம். காரை மண்டபத்துக்கு வெளியே நிறுத்திவிட்டுப் போனவன், பந்தி முடிந்து, பேச்சு முடிந்து, வெற்றிலை போட்டுக்கொண்டு வெளியே வர மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. பின்சீட்டில் துண்டு சுற்றி வைத்திருந்த பாட்டிலின் தக்கை கழுத்தை விட்டுக் கால் அங்குலம் மேலே ஏறியிருந்தது. ஓரமாகக் கசிந்த சிவப்பு, லேபிளை நனைத்திருந்தது. சூட்டில் ஒயின் விரிந்தால் அதற்குப் போக வேறு இடமில்லை, தக்கையைத்தான் தள்ளும். அன்று ராத்திரி திறந்து முகர்ந்து பார்த்தேன். அடிப்பிடித்த ஜாம், முறுகிப்போன வெல்லப்பாகு, அவ்வளவுதான். பழம் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. தொட்டியில் கொட்டும்போது வயிறு எரிந்தது. போன ஆயிரத்துச் சொச்சம் ரூபாயை விட, யாரோ ஒரு விவசாயி மாதக்கணக்கில் கொடியில் காத்து வைத்ததை நான் ஒரு மத்தியானத்தில் கெடுத்துவிட்டேனே என்பதுதான் உறுத்தியது.

அதே ஒயினில் இன்னொரு பாட்டில் வாங்கினேன். இந்த முறை ஆடி முடியட்டும் என்று காத்திருந்து, ராத்திரிப் பயணமாகக் கொண்டுபோய்ச் செட்டிநாட்டில் பள்ளத்தூர்ப் பக்கம் இருக்கும் நண்பனின் வீட்டில் சேர்த்தேன்.

ஏன் அங்கே கொண்டுபோக வேண்டும் என்று நண்பனே கேட்டான். காரணம் எளிது. ஒயினைச் சுவைத்து எழுதுகிறவர்களின் குறிப்புகளைப் பத்து வருஷமாகப் படித்து வருகிறேன். பிளாக்பெரி, பிளாக்கரண்ட், சிடார் மரம், புகையிலைப் பெட்டி என்று வரிசையாக வரும். பிளாக்பெரியை நான் முதலில் தின்றது முப்பது வயதுக்கு மேல். பிளாக்கரண்ட் பழத்தை இன்றுவரை கையில் எடுத்துப் பார்த்ததில்லை. தெரியாத பழத்தின் மணத்தைத் தெரிந்ததுபோல் நோட்டில் எழுதிக்கொண்டிருப்பது எனக்கே பொய்யாகப் பட்டது. நம் மண்ணில் விளைந்த ஒரு சிவப்பு ஒயினை, வாசனையை வைத்தே மசாலாவின் பதம் சொல்கிற ஒரு ஊரில், அந்த ஊர்க்காரர்களின் மூக்கையும் நாக்கையும் கொண்டு எடைபோட்டால் என்ன சொல் கிடைக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டேன்.

பாட்டிலின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஒரே ஒரு பாட்டிலை வைத்து ஒரு பண்ணையின் பெயரைத் தூக்குவதும் கூடாது, இறக்குவதும் கூடாது. ஷிராஸ், கேபர்னே சோவின்யோன் என்கிற இரண்டு திராட்சை வகைகள் கலந்தது, தென்னிந்தியாவில் விளைந்தது, ஓக் பீப்பாயில் சில மாதங்கள் இருந்தது. இது போதும்.

இந்தியச் சிவப்பு ஒயினின் இன்றைய கதைக்கு வயது அதிகம் இல்லை. 1980களில் மகாராஷ்டிரத்து நாராயண்காவில் ஷாம் சௌகுலேயும், பெங்களூருக்கு வடக்கே நந்தி மலைப் பக்கம் கன்வல் குரோவரும் போட்ட அடித்தளம்தான். குரோவர் பண்ணைக்கு 1990களின் நடுவிலிருந்து பிரான்சில் ஒயினுக்குப் பேர்போன போர்தோவின் மிஷேல் ரோலான் ஆலோசகராக இருந்தார். அமெரிக்காவில் பார்த்த வேலையை விட்டு வந்த ராஜீவ் சாமந்த் நாசிக்கில் தொடங்கிய சுலா, தன் முதல் ஒயினை 2000இல் வெளியிட்டது. மறு வருஷமே மகாராஷ்டிர அரசு திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்தது. பிறகு அக்லூஜில் ஃபிராடெல்லி, ஹம்பிப் பக்கம் கிருஷ்மா என்று பண்ணைகள் பெருகின. எல்லாம் சேர்த்து ஒன்றரைத் தலைமுறை. ஒரு கொடி தன் மண்ணோடு பழகவே இருபது முப்பது வருஷம் ஆகும் என்று நினைத்துக்கொண்டால், நாம் இப்போதுதான் அரிச்சுவடி படிக்கிறோம். குடித்துவிட்டுக் குறை சொல்லும்போதெல்லாம் இதை நான் எனக்கே ஞாபகப்படுத்திக்கொள்வேன்.

நண்பனின் வீடு முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று தெருவிலிருந்து தெரு வரை ஓடுகிற வீடு. அவன் அம்மாவை நான் ஆச்சி என்றுதான் கூப்பிடுவேன். பாட்டிலைப் பார்த்ததும் ஆச்சி முகம் சுளிக்கவில்லை, சிரிக்கவும் இல்லை. "முகப்புல வேணாம் தம்பி, வளவுலயும் வேணாம், சாமி படம் இருக்கு. இரண்டாங்கட்டுல வச்சுக்கங்க" என்றார்கள். அது நியாயம். நாங்கள் இரண்டாங்கட்டில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தோம்.

கண்ணாடிக் கிளாஸும் ஆச்சிதான் எடுத்துக் கொடுத்தார்கள். தாத்தா ரங்கூனிலிருந்து கொண்டுவந்தது, தண்டு வைத்தது, ஊதினால் உடையும் என்கிற மாதிரி மெல்லிசு. விருந்தாளி வந்தால் அதில் நன்னாரி சர்பத் கொடுப்பார்களாம். அலமாரியில் கிடந்ததால் உள்ளுக்குள் பாச்சை உருண்டை வாடை குடிகொண்டிருந்தது. அந்த வாடையோடு ஊற்றினால் எந்த ஒயினும் பாச்சை உருண்டையாகத்தான் மணக்கும். வெந்நீரில் மூன்று முறை அலசி, சோப்பே படாமல் துடைத்து, வெயிலில் கவிழ்த்து வைத்தோம்.

அடுத்தது சூடு. சிவப்பு ஒயினை அறையின் வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்று ஒரு வழக்கு இருக்கிறது. அதைச் சொன்னவர்களின் அறை 16, 18 பாகை. எங்கள் அறையில் அன்று சாயங்காலம் 33. அந்தச் சூட்டில் கிளாஸிலிருந்து சாராய நெடிதான் முதலில் மூக்கில் ஏறும், மற்றதெல்லாம் பின்னால் ஒளிந்துகொள்ளும். இந்த ஒரு விஷயத்தில்தான் நம் ஊரில் சிவப்பு ஒயின் அதிகமாகக் கெட்ட பெயர் வாங்குகிறது. ஃபிரிட்ஜில் முக்கால் மணி நேரம் வைத்து எடுத்து, பிறகு ஈரத்துணி சுற்றி மண்பானைத் தண்ணீரில் கழுத்து வரை இறக்கினோம். தயவுசெய்து குளிர வைத்தே குடியுங்கள். தொட்டால் ஜில்லென்று இருக்க வேண்டும், பல் கூசக் கூடாது.

நிறம் பார்க்க வெள்ளைப் பின்னணி வேண்டும். ஆத்தங்குடிக் கல்லில் பூவும் கொடியுமாக நிறம் ஓடுகிறது. நண்பன் தன் வேட்டியை இழுத்துப் பிடித்தான். கிளாஸைச் சாய்த்தால் நடுவில் நாவல்பழக் கறுப்பு, ஓரத்தில் ஊதாவும் சிவப்பும். பழசான ஒயினில் இந்த ஓரம் செங்கல் நிறத்துக்கு மாறிவிடும். இது இளசு.

மூக்கைக் கொண்டுபோனேன். எனக்கு முதலில் வந்தது மிளகு. அப்போதுதான் அம்மியில் நசுக்கிய, காரம் ஏறாத, அந்த முதல் மணம். நண்பனிடம் கொடுத்தேன். "பழ வாசனை வருது. மிளகெல்லாம் ஒண்ணும் வரலை" என்றான். மறுபடி முகர்ந்தான். வரவில்லை. மிளகும் சீரகமும் இல்லாமல் ஒரு நாள் சாப்பிடாத குடும்பம் அவனுடையது. அவன் மூக்கில் குறையா, நான் கற்பனை செய்கிறேனா?

இரண்டும் இல்லை. ஷிராஸில் மிளகு மணக்கிறது என்று சொல்பவர்கள் உவமை சொல்லவில்லை. 2008இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் அந்த மணத்துக்குக் காரணமான பொருளைக் கண்டுபிடித்தார்கள். ரொடண்டோன் என்று பெயர். அதே பொருள்தான் கருமிளகிலும் இருக்கிறது, அங்கே பல ஆயிரம் மடங்கு அதிகமாக. ஒரு லிட்டர் சிவப்பு ஒயினில் ஒரு கிராமின் 100 கோடியில் 16 பங்கு இருந்தாலே மூக்கு பிடித்துவிடும். ஆனால் அதே ஆய்வில் 100க்கு 20 பேர் வாக்கில், சோதித்ததிலேயே அதிக அளவு சேர்த்தும் அது தெரியவே இல்லை. நண்பன் அந்த இருபதில் ஒருவனாக இருக்கலாம். மிளகின் காரமும் மற்ற மணங்களும் அவனுக்குத் தெரியும், இந்த ஒரு இழை மட்டும் அகப்படாது. இதைச் சொன்னதும் அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "அப்ப நான் சாப்பிட்ட மிளகு வேற, நீ சாப்பிட்ட மிளகு வேறயா?" என்றான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஒரே தட்டில் சேர்ந்து சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நாங்கள்.

அடுப்படியிலிருந்து சமையலக்கா எட்டிப் பார்த்தார்கள். கல்யாணச் சமையலுக்குப் போய்வந்த கை, மசாலா வறுபடும்போது முற்றத்தில் இருந்துகொண்டே "சோம்பு போதும், இறக்கு" என்று குரல் கொடுப்பவர். குடிப்பழக்கம் கிடையாது, குடிக்கிறவர்களைப் பிடிக்கவும் பிடிக்காது. "அக்கா, குடிக்க வேணாம். மோந்து மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்று கெஞ்சினேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, கிளாஸைத் தண்டில் பிடிக்காமல் அடியில் உள்ளங்கை கொடுத்து வாங்கினார்கள்.

"கிராம்பு இருக்கு."

பிறகு கண்ணை மூடினார்கள். "எண்ணெய்ல போட்ட கல்பாசி. காஞ்ச கல்பாசி இல்ல தம்பி, சட்டியில விழுந்ததும் ஒரு வாடை வருமே, அது." கிளாஸைத் திருப்பித் தரும்போது, "என்னமோ பச்சை வாடை அடிக்குது. இது கம்பத்துத் திராட்சையா?" என்று கேட்டார்கள்.

ஐந்து வருஷம் வகுப்புக்குப் போனாலும் எனக்கு இந்த மூன்று வரி வந்திருக்காது. கிராம்பு என்றது அப்பட்டமான உண்மை. ஓக் பீப்பாயை உள்பக்கம் தீயில் வாட்டித்தான் செய்வார்கள், அப்போது மரத்திலிருந்து யூஜினால் வெளிவரும். கிராம்புக்குக் கிராம்பு மணம் கொடுப்பதும் அதே யூஜினால்தான். கல்பாசியை அதுவரை நான் எந்த ஒயின் குறிப்பிலும் படித்ததில்லை. மரப்பட்டையிலும் பாறையிலும் படர்கிற, பாசி மாதிரி இருக்கும் லைக்கன் அது. காய்ந்து கிடக்கும்போது சும்மா கிடக்கும், சூடான எண்ணெயில் விழுந்தால்தான் மழை பெய்த காடுபோல மணக்கும். ஐரோப்பியர்கள் காட்டுத்தரை, ஈரமண், மரப்பாசி என்று சுற்றிச் சுற்றி எழுதுவது இதைத்தான் என்று அன்றைக்குப் புரிந்தது. நோட்டில் 'சிடார்' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டுக் கல்பாசி என்று எழுதினேன்.

கம்பத்துத் திராட்சை இல்லை என்று அக்காவிடம் சொன்னேன். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை மஸ்கட் ஹாம்பர்க் என்கிற வகை, 2023இல் புவிசார் குறியீடு வாங்கியது. தோல் நீக்கித் துப்பாமல் அப்படியே வாயில் போட்டுத் தின்ன அதற்கு ஈடில்லை. அதன் பன்னீர் மணம் வேறு குணம். நாக்கை இறுக்கிப் பிடிக்கிற துவர்ப்புக்கு ஷிராஸ், கேபர்னே போலத் தோல் தடித்த சின்னப் பழம் வேண்டும்.

துவர்ப்புக்கு இப்போது வருகிறேன், ஏனென்றால் சிவப்பு ஒயினின் உயிரே அதில்தான். இங்கிலீஷில் எழுதுகிறவர்கள் இதைச் சுவை என்று ஒத்துக்கொள்வதில்லை, வாயில் ஏற்படுகிற உணர்வு என்று தள்ளிவைத்து, பட்டு, வெல்வெட்டு, மணல் என்று துணிக்கடைச் சொற்களைக் கடன் வாங்குகிறார்கள். நமக்கு அறுசுவையில் அது ஒன்று. வாழைப்பூவின் துவர்ப்பு வேறு, நெல்லிக்காயின் துவர்ப்பு வேறு, பாக்கின் துவர்ப்பு வேறு என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். வாயில் இந்த ஒயினை வைத்தேன். முதலில் நாவல்பழத்தின் புளிப்பு, கொஞ்சம் உப்புக் கலந்ததுபோல. நடுநாக்கில் பழம் நிறைவாக வந்தது. அப்புறம் ஈறிலும் கன்னத்தின் உள்பக்கத்திலும் துவர்ப்பு ஏறியது. நாவலில் தொடங்கி வாழைப்பூவில் முடிகிறது என்று நண்பன் சொன்னான். வாழைப்பூவைக் காம்பு எடுக்காமல், மோரில் போடாமல் சமைத்தால் எப்படியோ அப்படி என்று நான் திருத்தினேன்.

சாய்ந்திருந்த சுவரை அவன் தட்டிக் காட்டினான். போன வருஷம் அந்தச் சுவரில் ஒரு பகுதியைப் பழைய முறையில் பூசியிருக்கிறார்கள். சுண்ணாம்போடு கடுக்காய் ஊறிய தண்ணீரும், மேல்பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கருவும். கொத்தனார் கூடை கூடையாக முட்டை கேட்டதில் ஆச்சி மலைத்துப்போன கதையைச் சொன்னான். கை வைத்தால் பளிங்கு மாதிரி வழுக்குகிறது. கடுக்காய் என்றால் துவர்ப்பு, துவர்ப்பைத் தருகிற டானின் என்ற பொருள் அதன் காயில் அவ்வளவு. ஒயினின் துவர்ப்பும் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் இறங்குகிற டானின்தான். போர்தோ போன்ற ஊர்களில் பீப்பாயில் இருக்கும் சிவப்பு ஒயினுக்குத் துவர்ப்பு அதிகமானால், அடித்த முட்டை வெள்ளைக்கரு நாலைந்தை அதில் கலப்பார்கள். வெள்ளைக்கருவின் புரதம் டானினைப் பிடித்துக்கொண்டு அடியில் போய்ப் படியும், மேலே தெளிந்ததை வடித்தெடுப்பார்கள். நம் வாயிலும் இதே வேலைதான் நடக்கிறது. எச்சிலில் இருக்கும் புரதத்தை டானின் பிடிக்கிறது, வழவழப்புப் போய் வாய் வறண்டதுபோல் ஆகிறது. டானினும் முட்டை வெள்ளைக்கருவும் எங்கள் முதுகுக்குப் பின்னால் சுவராக நின்றுகொண்டிருந்தன. அன்றைக்கு என்னை மிகவும் சந்தோஷப்படுத்தியது இதுதான். கிளாஸை வைத்துவிட்டு அந்தச் சுவரை ரொம்ப நேரம் தடவிக்கொண்டிருந்தேன்.

இனிக் குறை. அக்கா சொன்ன பச்சை வாடை எனக்கும் வந்தது. குடைமிளகாயை நறுக்கும்போது எழுமே, அது. கேபர்னே வகைக்கு இயல்பாகவே அந்த மணம் உண்டு, பழம் கொடியில் முற்ற முற்றக் குறையும். நான் குடித்த இந்தியச் சிவப்பு ஒயின்கள் பலவற்றில் இந்தப் பச்சை எட்டிப் பார்க்கிறது. அதற்கு மண்ணைக் குறை சொல்ல முடியாது, காலக்கணக்குதான் சிக்கல். உலகத்தின் பெயர்பெற்ற ஒயின் ஊர்கள் பெரும்பாலும் 30 முதல் 50 பாகை அட்சரேகைக்குள் இருக்கின்றன. நாசிக் 20, நந்தி மலை 13. அந்த வெளிநாட்டு ஊர்களில் பனிக்காலத்தில் கொடி இலை உதிர்த்துத் தூங்கும். இங்கே தூங்காது. அதனால் வருஷத்துக்கு இரண்டு கவாத்து, அதாவது கொடியை இரண்டு முறை வெட்டிவிடுவார்கள். அறுவடை முடிந்து ஏப்ரல் வாக்கில் ஒன்று, அதில் வருகிற தளிர் அடுத்த காய்ப்புக்குக் கண் கட்டும். செப்டம்பர், அக்டோபரில் இன்னொன்று, அதற்கப்புறம்தான் பூவும் பிஞ்சும். மழைக்குத் தப்பி, குளிர்ந்த ராத்திரிகளில் பழுத்து, ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் பறிக்க வேண்டும். மார்ச்சில் வெயில் ஏறினால் பழத்தில் சர்க்கரை விறுவிறுவென்று ஏறிவிடும், தோலும் விதையும் அதே வேகத்தில் முற்றாது. சர்க்கரையைப் பார்த்துப் பறித்தால் பச்சைத் துவர்ப்பு, தோலுக்காகக் காத்திருந்தால் சாராயம் கூடிப்போகும். இந்தக் கயிற்றில் நடக்கிறவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் பச்சை பச்சைதான், மறைக்கக் கூடாது. 20க்கு 14 என்று எழுதினேன். மூக்குக்கு நல்ல மதிப்பு, வாய்க்குக் கொஞ்சம் குறைச்சல்.

சாப்பாட்டோடு சேர்த்ததில் எதிர்பார்த்தது நடக்கவில்லை. கோழி வறுவலுக்கு ஆகவே ஆகாது. மிளகாய்க் காரத்தைச் சாராயம் தூக்கிவிடுகிறது, துவர்ப்பு அதற்கு மேல் கசப்பாகப் போய் உட்காருகிறது, வாய் எரிந்து இரண்டும் பாழ். செட்டிநாட்டுக் காரச் சாப்பாட்டுக்குக் கனமான சிவப்பு ஒயின் பொருந்தும் என்று எழுதுகிறவர்கள் உண்மையில் சேர்த்துச் சாப்பிட்டார்களா என்று சந்தேகம். கத்திரிக்காய் கோசமல்லி நன்றாக இருந்தது, அதன் புளி ஒயினின் புளிப்பை அடக்கிப் பழத்தை முன்னால் கொண்டுவந்தது. ஆட்டுக்கறியை மிளகாய் குறைத்து, மிளகும் நல்லெண்ணெயும் கூட்டிப் பிரட்டியிருந்தார்கள். அதோடு இன்னும் நன்றாக இருந்தது.

ஆனால் அன்றைக்கு ஜெயித்தது உப்புக்கண்டம். ஆச்சி ஜாடியிலிருந்து நாலு துண்டு எடுத்துக் கொடுத்து, அக்கா எண்ணெயில் பொரித்து நசுக்கிக் கொண்டுவந்தார்கள். உப்பு கசப்பை அடக்கும், கறியின் புரதமும் கொழுப்பும் டானினைத் தாங்களே பிடித்துக்கொள்ளும். ஒரு நார் கடித்து ஒரு வாய் குடித்தால் அந்த வாழைப்பூத் துவர்ப்பு இருந்த இடம் தெரியவில்லை, நாவல்பழம் மட்டும் தொண்டை வரை வந்தது. இனி யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். உப்புக்கண்டம், அதுவும் வீட்டில் வெயிலில் காய்ந்தது.

பாதி பாட்டில் மிச்சம். தக்கையை அடைத்து ஃபிரிட்ஜில் வைத்தோம். மறுநாள் சாயங்காலம் எடுத்து அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு ஊற்றினேன். முதல் நாள் பீப்பாய் மரம் கொஞ்சம் தூக்கலாக இருந்தது, இப்போது பழத்தோடு சேர்ந்து அடங்கியிருந்தது. கல்பாசி இன்னும் தெளிவாக வந்தது. மிளகு நண்பனுக்கு அன்றும் வரவில்லை. நான் 14ஐ 15 ஆக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

சமையலக்கா வேலை முடித்துக் கிளம்பும்போது, கேட்காமலேயே கையை நீட்டினார்கள். கிளாஸைக் கொடுத்தேன். நேற்றுப்போலவே உள்ளங்கையில் தாங்கி, கண்ணை மூடி, இரண்டு மூச்சு.

"மசாலாவெல்லாம் இப்ப சேந்துருச்சு தம்பி. பச்சை வாடை மட்டும் போகலை. இன்னும் கொஞ்ச நேரம் அடுப்புல இருந்திருக்கணும்."

14ஐ அப்படியே விட்டுவிட்டேன்.